டாக்கோவுக்கு ஒரு பஞ்சாயத்து

இப்படி வந்து உக்காரு தம்பி. கைப்பேசியைக் கவுத்து வை. சாப்பாட்டைப் பத்திப் பேசப்போறேன். படம் பிடிச்சுக்கிட்டே கேக்குற சமாச்சாரம் இல்ல இது.

நம்ம தம்போய்ல இப்ப ஊருக்கே நாக்கு நீண்டுபோச்சு. முந்தியெல்லாம் தம்போய்னு சொன்னா ஜொகூர்க்காரன் ஒரு தினுசா சிரிப்பான். 1937-ல கட்டுன மனநல ஆஸ்பத்திரி இங்கதான் இருக்கு. பெர்மாய்னு இப்பப் பேரு. "ரொம்பப் பேசுனா தம்போய்க்கு அனுப்பிடுவேன்"னு அப்பன் புள்ளையை மிரட்டுன காலம் அது. இன்னிக்கு சிங்கப்பூர்க்காரன் பாலத்துல மணிக்கணக்கா மாட்டிக்கிட்டு, யாரும் அனுப்பாமலே வர்றான். எதுக்கு? சாப்பிடுறதுக்கு. வந்தவன் சும்மா சாப்பிட்டுட்டுப் போறானா? கருத்து சொல்லிட்டுப் போறான். அவனைப் பாத்து நம்மாளும் கத்துக்கிட்டான்.

எங்க தாமான் கடை வரிசையைப் பாத்திருப்ப. துணி துவைக்கிற கடை, டியூசன் சென்டர், பல்லு கிளினிக், மூலையில மாமாக் கடை. அதுக்கு நடுவுல ஒரு மெக்சிகோ சாப்பாட்டுக் கடை வந்துச்சு. பேரு சொல்லமாட்டேன், கடைக்காரன் பொழைச்சுப் போகட்டும். சுவத்துல ஒரு கள்ளிச்செடி வரைஞ்சிருக்கான். அது தலையில பெரிய தொப்பி, தொப்பிக்குக் கீழ மீசை. கள்ளிச்செடிக்கு எதுக்குடா மீசை? சரி, அவன் சுவரு, அவன் பெயிண்டு. நாலு பிளாஸ்டிக் மேசை, சுத்துற காத்தாடி ரெண்டு, ஹலால் அட்டை ஒண்ணு. பரிமாறுறது மலாய்க்காரப் பொண்ணு. அடுப்படியில நிக்கிறவன் வங்காளதேசத்துப் பையன். மெக்சிகோக்காரன் யாருன்னு கேக்குறியா? அந்தக் கள்ளிச்செடிதான்.

எங்க வீட்டுக் கூட்டம் ஒரு நாள் அங்க கிளம்புச்சு. என்னையும் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனாங்க. தட்டு வந்து மேசையில உக்காரக்கூட இல்ல, பஞ்சாயத்து ஆரம்பிச்சுடுச்சு.

என் மருமகன் சிங்கப்பூர்ல வேலை செய்யிறவன். விடியக்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள்ல பாலம் தாண்டுற கூட்டத்துல அவனும் ஒருத்தன். நல்ல பையன்தான், ஆனா அந்தப் பக்கம் ஒரு தடவை ஒரு பொருளைத் தின்னுட்டா இந்தப் பக்கம் அது எதுவும் அவனுக்குச் சரியா இருக்காது. ஒரு கடி கடிச்சான். கண்ணை மூடினான். "இது அசல் இல்ல மாமா"ன்னான். நீ மெக்சிகோ போயிருக்கியான்னு கேட்டேன். இல்லையாம். ஆர்ச்சர்ட் ரோட்டுல சாப்பிட்டிருக்கானாம். ஆர்ச்சர்ட் ரோடு எப்படா மெக்சிகோவுல சேந்துச்சு?

பேத்தி வேற கட்சி. அவளுக்குச் சாப்பாடு ரெண்டாம் பட்சம். கடையோட 'வைப்' சரியில்லையாம். வெளிச்சம் மஞ்சளா இருக்கணுமாம், காத்தாடி சத்தம் படத்துல கேக்குதாம். பக்கத்து வீட்டு வாத்தியாரும் வந்திருந்தாரு, ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அவரு தட்டைப் பாக்கல, விலைப் பட்டியலைத்தான் பாத்தாரு. "சப்பாத்தியை மடிச்சு வச்சதுக்கு இத்தனை வெள்ளியா? மாமாக் கடையில இந்தக் காசுக்கு ஒரு குடும்பமே பசியாறலாமே!" அதுக்கு மருமகன், அங்க சிங்கப்பூர்ல இதே தட்டு மூணு பங்கு விலைன்னான். ரெண்டு பேரும் சொன்னது உண்மைதான். தட்டு ஒண்ணு, பை ரெண்டு. ஒருத்தருக்கு பென்சன் பை, இன்னொருத்தனுக்கு டாலர் பை. ருசியைப் பத்தி ரெண்டு பேரும் வாயே திறக்கல, கவனிச்சியா?

பேரன் சம்பல் கேட்டான். மெக்சிகோ கடையில சம்பலான்னு அவன் அக்கா தலையில அடிச்சுக்கிட்டா. அந்த மலாய்க்காரப் பொண்ணு ஒண்ணும் சொல்லாம உள்ள போயி ஒரு கிண்ணத்துல சம்பல் கொண்டாந்து வச்சுச்சு. அடுப்படிப் பையன் தன் சோத்துக்கு வச்சிருந்தது போல. அந்த மேசையில முதல்ல காலியானது அந்தக் கிண்ணம்தான். அசல் கேட்ட மருமகனும் ரெண்டு தடவை தொட்டுக்கிட்டான். நான் பாக்காத மாதிரி இருந்தேன்.

எங்க கிழவி தீர்ப்பைக் கேளு. மூணு டாக்கோவைச் சத்தமில்லாம முடிச்சா. கையைத் தொடைச்சா. "நல்லாத்தான் இருக்கு"ன்னா. வீட்டுக்கு வந்தா. ரசத்தைச் சுட வச்சா. "என்னடி, இப்பத்தானே சாப்பிட்ட"ன்னேன். "எங்க சாப்பிட்டேன்? பலகாரம்தானே தின்னேன்"ங்கிறா. சோறு இறங்காத வயித்துக்கு அவ கணக்குல சாப்பாடுன்னு பேரே கிடையாது. இவகிட்ட எந்த நாட்டுச் சமையல்காரன் வந்து நட்சத்திரம் வாங்குறது?

இப்ப நீ என் மூஞ்சியப் பாக்குற. "தாத்தா, அசல்னு ஒண்ணு இருக்கத்தானே செய்யும்"னு கேக்க வர்ற. கேளு. எனக்கும் அந்தச் சொல்லு மேல கொஞ்ச நாளா ஒரு கண்ணு.

உங்க ஆயா வைக்கிற சாம்பார் அசலா? வத்த மிளகாய் போடுறாளா? தக்காளி போடுறாளா? ரெண்டும் மெக்சிகோ பக்கத்துச் சரக்குடா. அந்த நாட்டுக் குடியானவன் பல ஆயிரம் வருசமா வளத்தது மிளகாய். போர்த்துக்கீசியன் கப்பல்ல ஏறி, பதினாறாம் நூத்தாண்டுலதான் நம்ம பக்கம் இறங்குச்சு. அதுக்கு முந்தி நம்ம பாட்டன் முப்பாட்டனுக்குக் காரம்னா மிளகு. ராஜராஜ சோழன் பெரிய கோயில் கட்டுனான், ஆனா பாவம், ஒரு பச்சை மிளகாயைக் கடிச்சதில்ல. உருளைக்கிழங்கு, நிலக்கடலை, கொய்யா, பப்பாளி, அன்னாசி, முந்திரி எல்லாம் அந்த அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்து நம்ம வீட்டுல குடியேறுன உருப்படிங்கதான். ஜப்பான்காரன் காலத்துல அரிசி இல்லாம எங்க ஆத்தா தோட்டத்துல மரவள்ளிக் கிழங்கை அவிச்சு எங்க அண்ணனுங்களை உசிரோட வச்சிருந்துச்சே, அந்தக் கிழங்கும் தென்னமெரிக்காவுல இருந்து வந்ததுதான். பந்தியில உக்காந்த விருந்தாளியைப் பாத்து வீட்டுக்காரன் 'நீ யாரு'ன்னு கேட்டா ஞாயம். இங்க விருந்தாளி வீட்டுக்காரனைப் பாத்து 'நீ அசல் இல்ல'ங்கிறான்.

அவங்க மட்டும்தான் கொடுத்தாங்களா, நாம சும்மா வாங்கிக்கிட்டோமான்னு ரோசப்படாத. 1565-லேர்ந்து 1815 வரைக்கும் ஸ்பெயின்காரன் கப்பல் மணிலாவுக்கும் மெக்சிகோவோட அக்காபுல்கோ துறைமுகத்துக்கும் போய்வந்துகிட்டே இருந்துச்சு. இருநூத்தம்பது வருசம். அந்தக் கப்பல் வழியா இந்தப் பக்கத்துப் பொருளு நிறைய அங்க போச்சு. இன்னிக்கு மெக்சிகோக்காரன் புளியைக் கரைச்சு சர்க்கரை போட்டுக் குடிக்கிறான். புளியையும் மிளகாய்த்தூளையும் பிசைஞ்சு மிட்டாய் பண்ணிப் புள்ளைங்களுக்குக் குடுக்கிறான். கேக்கும்போதே உனக்கு நாக்குல தண்ணி ஊறுதா இல்லையா? அவன் மிளகாய் இங்க, நம்ம பக்கத்துப் புளி அங்க. சம்பந்தி முறை ஆயிப்போச்சு. அந்தப் புளிக்கே பூர்வீகம் ஆப்பிரிக்கான்னு சொல்றாங்க. அதை விட்டுரு, அங்க வரைக்கும் போனா இன்னிக்கு வீடு திரும்பமாட்டோம்.

இன்னொண்ணு சொல்றேன், தோட்டத்து ஆளுங்க கேட்டா குளுந்துபோவாங்க. அதே கப்பல்ல வந்த பிலிப்பைன்ஸ் மாலுமிங்க, மெக்சிகோவோட மேற்குக் கரையில தென்னை ஏறிக் கள்ளு இறக்கக் கத்துக்கொடுத்துட்டாங்க. கொலிமாங்கிற ஊருப் பக்கம் இன்னிக்கும் சுரைக்குடுக்கையில ஊத்தி வீதியில விக்கிறான். சம்பளத்தன்னிக்கு எங்க தோட்டத்துக் கள்ளுக்கடை வாசல்ல நின்ன கூட்டம் எனக்கு ஞாபகம் வருது. அந்தக் கூட்டத்தைக் கொண்டுபோய் கொலிமாவுல விட்டா, பாஷை தெரியாமலே ரெண்டு நாள்ல சொந்தக்காரன் ஆயிருப்பான்.

மெக்சிகோ சாப்பாடே அவங்க ஊருல ஒரே மாதிரியா இருக்கு? கோழி, மாடு, பன்னி, பாலாடைக்கட்டி, அரிசி, கோதுமை, வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் ஸ்பெயின்காரன் கொண்டாந்தது. ஜொகூர் பாசார் மாலாம்ல ஒரு கம்பியில கறியைக் குத்திச் சுத்திச் சீவிக் குடுக்கிறானே கெபாப்பு, அதே வித்தையை லெபனான்ல இருந்து போனவங்க மெக்சிகோவுக்குக் கொண்டுபோனாங்க. அங்க ஆட்டுக்கறி பன்னிக்கறியாச்சு, அன்னாசி ஒரு துண்டு சேந்துச்சு. இன்னிக்கு அதுதான் மெக்சிகோ நகரத்துக்கே பேரு வாங்கிக் குடுக்கிற டாக்கோ. நாச்சோஸ்னு நீங்க கொறிக்கிறீங்களே, அது 1940கள்ல அமெரிக்க எல்லையை ஒட்டுன ஒரு ஊருல பொறந்தது. அக்கரையில இருந்து பட்டாளத்துக்காரங்க சம்சாரமெல்லாம் வந்து உக்காந்துட்டாங்க. சமையல்காரனைக் காணோம். பரிமாற நின்ன இக்னாசியோ அனாயா கைக்குக் கிடைச்ச சோள ரொட்டியை வெட்டி, மொறுமொறுன்னு ஆக்கி, மேல பாலாடைக்கட்டியை உருக்கி, மிளகாயை நறுக்கிப் போட்டுக் கொண்டாந்து வச்சாரு. சமையல்காரன் இல்லாத நேரத்துல சமாளிச்ச தட்டு அது! அதுல போயி என் மருமகன் அசல் தேடுறான்.

நம்ம கதைக்கு வா. லக்சா ஜொகூர் சாப்பிட்டிருக்கல்ல? மீனும் தேங்காய்ப்பாலும் போட்டுக் குழைச்ச குழம்பு. அதுக்குள்ள கிடக்குறது என்ன? ஸ்பகெட்டி. இத்தாலிக்காரன் மாவு நூலு. சுல்தான் அபு பக்கார் சீமைக்குப் போனப்ப அதைத் தின்னுட்டு ஆசைப்பட்டு இங்க கொண்டாந்தாருன்னு ஒரு கதை. கதையோ நிசமோ, ஜொகூர்க்காரன் அதைக் கையால பிசைஞ்சு சாப்பிட்டான். இத்தாலிக்காரன் பாத்தா மயங்கி விழுவான். ஜொகூர்க்காரன்கிட்ட போயி 'இது அசல் இல்ல'ன்னு சொல்லிப் பாரு, கரண்டியால அடி விழும். ஆக, நாம கலந்தா அது பாரம்பரியம். அந்தக் கடைக்காரன் கலந்தா அது கலப்படம். ஞாயத்தைப் பாத்தியா?

கலப்புன்னா எனக்கு ரொம்பப் பிடிச்சது கலிபோர்னியா கதை. நூறு வருசத்துக்கு முந்தி பஞ்சாப்ல இருந்து ஆம்பளைங்க தனியா அங்க விவசாயம் பாக்கப் போனாங்க. ஊருல இருந்து பொண்ணு கூட்டிட்டு வர வழியில்ல. வெள்ளைக்காரப் பொண்ணைக் கட்டிக்கச் சட்டம் விடல. 1913-ல இன்னொரு சட்டம் போட்டு நிலம் வாங்குற உரிமையையும் பிடுங்கிட்டாங்க. என்ன பண்ணுவான்? பக்கத்து வயல்ல வேலை செஞ்ச மெக்சிகோக்காரப் பொண்ணைக் கட்டிக்கிட்டான். பொறந்த புள்ளைக்கு முன்னால ஸ்பானியப் பேரு, பின்னால சிங்கு. யூபா சிட்டின்னு ஒரு ஊருல அப்படி ஒரு பஞ்சாபி ஆளும் மெக்சிகோ சம்சாரமும் 1954-ல 'எல் ரஞ்சேரோ'ன்னு கடை போட்டாங்க. நாப்பது வருசத்துக்குக் கொஞ்சம் குறைச்சலா ஓடுச்சு, 1993 வரைக்கும். அந்தக் கடையில பேரு போன பண்டம் என்ன தெரியுமா? ரொட்டிக்குள்ள பாலாடைக்கட்டியும் கறியும் வச்சு மடிச்ச கேசடியா. நம்ம வாத்தியாரு 'சப்பாத்தியை மடிச்சு வச்சிருக்கான்'னு கிண்டல் பண்ணாரே, அதையே பண்ணி ஒரு குடும்பம் ஊரு மெச்ச வாழ்ந்திருக்கு. வாத்தியாருக்கு இதைச் சொன்னேன். "அங்க என்ன விலைக்கு வித்தானாம்?"னு கேக்குறாரு. மனுசன் விலைப் பட்டியலை விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு.

சப்பாத்தின்னு அவரு சொன்னதுல ஒரு சமாச்சாரம் மட்டும் தப்பு. அதை நான் விடமாட்டேன். கோதுமை ரொட்டியை அப்படிச் சொன்னா ஏத்துக்கலாம். நல்ல கடையில குடுக்குற சோள ரொட்டி வேற ஜாதி. காஞ்ச மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேக வச்சு, ராத்திரி பூரா ஊறப் போட்டு, தோலைக் கழுவி, ஈரத்தோட அரைச்சு, கையில தட்டிச் சுடுவாங்க. சுண்ணாம்பா, வெத்திலைக்குத் தடவுற அதே சுண்ணாம்பான்னு எங்க கிழவிக்கு ஒரே சந்தோசம். அதே சங்கதிதான். அந்தச் சுண்ணாம்பு வெறும் தோலுரிக்க இல்ல. சோளத்துக்குள்ள ஒரு விட்டமின் பூட்டிக் கிடக்கு, சுண்ணாம்பு பட்டாத்தான் அது உடம்புல ஒட்டும். கொலம்பஸுக்குப் பின்னால ஐரோப்பாக்காரன் சோளத்தை மட்டும் அள்ளிட்டுப் போனான். கிழவிங்க எதுக்குச் சுண்ணாம்பு போடுறாங்கன்னு கேக்கல. இத்தாலியில ஏழை ஜனம் வேளைக்கு வேளை வெறும் சோளக்கூழு தின்னு, தோலு வெடிச்சு, வயித்தால போயி, புத்தி தடுமாறிச் செத்துச்சு. பெலாக்ரான்னு அந்த நோய்க்குப் பேரு. சமையலைத் திருடுறவன் பாட்டியையும் சேத்துக் கூட்டிட்டுப் போகணும்டா.

அந்த ரொட்டியை மூக்குக்கிட்ட கொண்டுபோனாலே தெரியும். மழை பேஞ்ச மண்ணு மாதிரி லேசா ஒரு வாசம் அடிக்கும். நம்ம தாமான் கடையில அடிச்சுதா? அடிக்கல. பாக்கெட்டுல வந்த ரொட்டி, ஓரம் கொஞ்சம் வறண்டிருந்துச்சு. இதுதான் அந்தக் கடையைப் பத்திச் சொல்லக்கூடிய உருப்படியான குறை. ஒருத்தனாவது சொன்னானா? காத்தாடி சத்தத்தைக் கேட்டாங்க, ரொட்டி ஓரத்தைப் பாக்கல. கோழி நல்லா வெந்திருந்துச்சு, எலுமிச்சை புழிஞ்சது சரியா இருந்துச்சு, அவரை மசியல்ல உப்பு ஒரு சிட்டிகை தூக்கல். இதை யாரு சொல்லுவா? சாப்பிட்டவன் சொல்லுவான். இவங்கதான் சாப்பிடவே இல்லையே, பேசிக்கிட்டுல்ல இருந்தாங்க.

பேச்சோட பேச்சா மருமகன் நட்சத்திரத்துக்கு வந்தான். மிஷலின் நட்சத்திரம் வாங்குன கடைக்கு ஒரு நாள் என்னைக் கூட்டிட்டுப் போறானாம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. மிஷலின்னா யாருடா? டயருக்காரன்! 1900-ல பிரான்சுல காரு வச்சிருந்தவனே கொஞ்சம் பேரு. காரு ஓடாட்டி டயரு எப்படித் தேயும்? டயரு தேயாட்டி எப்படி விக்கும்? ஊரு சுத்துங்கடா, இங்க படு, அங்க தின்னுன்னு ஒரு புத்தகத்தை அச்சடிச்சு இலவசமாக் குடுத்தான். 1926-ல நட்சத்திரம் குத்த ஆரம்பிச்சான். நான் ஜொகூர்ல இருட்டோட எந்திரிச்சு, நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு, கொசுக்கடியில கித்தா மரத்தைச் சீவினவன். வெட்டுன பாலு எங்க போச்சு? டயருக்குத்தான் போச்சு. எங்க பாலுல காரு ஓடி, அந்தக் காருல போனவன் தின்னு, அவன் தின்ன கடைக்கு நட்சத்திரம். அந்தக் கணக்குப்படி பாத்தா நட்சத்திரம் குத்துற உரிமையில எனக்கும் ஒரு பங்கு வரணும். தோட்டத்துக் கணக்கு எழுதுன கிராணி இதையும் எழுதாம விட்டுட்டாரு.

அந்தக் கித்தாவையும் முதல்ல பந்தாக்கி விளையாடுனது மெக்சிகோ பக்கத்து ஜனம்தான், மூவாயிரம் வருசத்துக்கு முந்தியே. அவங்க மரம் வேற, நம்ம தோட்டத்து மரம் பிரேசில்ல இருந்து வந்தது. பாலு பாலுதானே.

டயருக்காரனைக் கிண்டல் பண்ணுறேன், ஆனா 2024-ல ஒரு காரியம் பண்ணான், அதை மெச்சுறேன். மெக்சிகோ நகரத்துல 1968-லேர்ந்து 'எல் கலீஃபா டெ லியோன்'னு ஒரு சின்ன டாக்கோ கடை. பத்தடிக்குப் பத்தடி இடம். உக்கார நாற்காலி கிடையாது, நின்னுக்கிட்டுத்தான் தின்னணும். மொத்தமே நாலு வகை டாக்கோ. அதுக்கு ஒரு நட்சத்திரம் குடுத்துட்டான். மறுநாளே தெருவை அடைச்சுக் கூட்டம். கூட்டம் வந்தா கருத்தும் வரும்ல? இதுல என்ன இருக்கு, வெறும் கறியும் உப்பும்தானேன்னு பாதிப் பேரு. அதுதாண்டா ருசின்னு மீதிப் பேரு. கடைக்காரன் ரெண்டு கட்சிக்கும் அதே சூட்டுல அதே ரொட்டியைப் போட்டுக்கிட்டு நின்னான். ஆனா நட்சத்திரத்தை நம்பிக் கடன் வாங்காத. நம்ம பக்கத்துலயே, சிங்கப்பூர்ல சோயாக் கோழிச் சோறு விக்கிற ஒரு ஒட்டுக்கடைக்கு 2016-ல குடுத்தான், 2021-ல எடுத்துக்கிட்டான். குடுத்தப்பவும் கோழி செத்துத்தான் கிடந்துச்சு, எடுத்தப்பவும் அப்படித்தான். கோழிக்கு எது தெரியும்?

யுனெஸ்கோ வேற ஒரு பக்கம். மெக்சிகோ சமையலை 2010-ல பட்டியல்ல சேத்தான். நம்ம நாசி லெமாக்கு, ரொட்டி சானாய், தே தாரிக்குன்னு மலேசியாவோட பசியாறுற பழக்கத்தை 2024-ல சேத்தான். சேத்த அன்னிக்கு மூலை மாமாக் கடையில போயிப் பாத்தேன். ரொட்டி போடுற அண்ணனுக்கு விசயமே தெரியாது. "அப்படியா அண்ணே, ரொட்டி கோசோங்கா, தெலூரா?"ன்னு கேட்டாரு.

அந்த மாமாக் கடையில கருத்து இல்லையான்னு கேட்டா, அங்கதாண்டா உண்மையான கருத்து இருக்கு. ஒருத்தனுக்கு ரொட்டி மொறுமொறுன்னு வேணும். ஒருத்தனுக்குப் பஞ்சு மாதிரி வேணும். ஒருத்தன் பருப்பு மட்டும் ஊத்தச் சொல்லுவான். ஒருத்தன் பஞ்சிர்னு சொல்லி ரொட்டியை முழுகடிச்சுத்தான் சாப்பிடுவான். தேத்தண்ணியில சீனி குறைங்கிறவன், பாலு கூட்டுங்கிறவன், ரெண்டையும் சொல்லிட்டு நடுவுல மைலோவுக்கு மாறுறவன். அங்க யாராவது 'அசல்'னு வாயைத் திறக்குறானா? தனக்கு வேணுங்கிறதைச் சொல்லி வாங்கித் தின்னுட்டுப் போறான். அண்ணனும் சளைக்காம ஆளுக்கு ஒரு மாதிரி போடுறாரு. மெக்சிகோ கடைக்கு வந்தா மட்டும் அதே ஆளு, தனக்கு என்ன வேணும்னு சொல்ல மறந்துட்டு, மெக்சிகோவுக்கு என்ன வேணும்னு சொல்ல ஆரம்பிச்சுடுறான். ஏன்? தெரியாத சாப்பாட்டு முன்னாடி உக்காந்தா பயம். தெரியலைன்னு சொல்ல வெக்கம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

அப்ப ஒரு கடைக்குப் போனா எதைப் பாக்கணும்னு கேப்ப, சொல்றேன். முன்பக்கச் சுவத்தைப் பாக்காத, பின்பக்க வாசலைப் பாரு. சாக்கடை ஓரம் சட்டி கழுவுறானான்னு பாரு. செவ்வாக்கிழமை மத்தியானம் மழையில எத்தனை பேரு உக்காந்திருக்கான்னு பாரு. சனிக்கிழமை கூட்டம் எந்தக் கடைக்கும் வரும். அடுப்படிப் பையன் தன் கடைச் சாப்பாட்டைத்தான் திங்கிறானா, இல்ல பக்கத்துல போயித் தாப்பாவ் வாங்குறானான்னு பாரு. எச்சித் தட்டு உள்ள திரும்பிப் போறப்ப அதுல என்ன மிச்சமிருக்குன்னு பாரு. வாயி பொய் சொல்லும், எச்சித் தட்டு சொல்லாது. எங்க மேசையில இருந்து போன தட்டுல ஒரு வெங்காயத் துணுக்கு மிச்சமில்ல. அசல் இல்லன்னவன் தட்டுல கூட.

கருத்தே சொல்லக்கூடாதுன்னு நான் சொல்லல. சொல்லு. கடைக்காரன்கிட்ட நேருல சொல்லு. "ரொட்டி காஞ்சிருக்கு தம்பி, ஈரத்துணியில சுத்தி வை"ன்னு நான் அந்த வங்காளதேசத்துப் பையன்கிட்ட கை சைகையில சொன்னேன். அவன் சிரிச்சான். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனப்ப ரொட்டி மேல வெள்ளைத்துணி கிடந்துச்சு. காத்தாடி இன்னும் அதே சத்தம்தான். கள்ளிச்செடிக்கு மீசையும் அப்படியே.

சரி, எந்திரி. பத்து மணிக்குக் கடையைப் பூட்டிடுவான். எனக்கு ரெண்டு கோழி, கிழவிக்கு மூணு. அவரை மசியல்ல உப்பைக் குறைக்கச் சொல்லு. சம்பலைத் தனியா ஒரு கிண்ணத்துல கேளு, இல்லன்னு சொல்லமாட்டான். காசு உன் பாக்கெட்டுல இருந்து குடு, இவ்வளவு நேரம் சும்மாவா பேசுனேன்? வாத்தியாரு வாசல்ல நிப்பாரு, என்ன விலைன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு. என் மருமகனை மட்டும் கூட்டிக்கிட்டு வராத, அவன் தீர்ப்பு சொல்லி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் ஆறிப்போயிரும்.